சாளரத்துக்கு வெளியே இருக்கிறது ஈரம்

திருவனந்தபுரத்தில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சம் என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் துவைத்த துணி இரண்டு நாளானாலும் உலர்வதில்லை. உப்புச் சாடியில் நீர் கசிகிறது. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை படர்கிறது. அந்த மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து சேர்கிறது. இத்தகைய ஊரில், பழவங்காடியிலும் கிழக்கே கோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுள் பலர், வீட்டுக்குள் வளர்க்கும் அலங்காரச் செடிகளுக்கு ஈரப்பதம் போதவில்லை என்று கவலைப்படுகிறார்கள். சிலர் ஈரமூட்டும் கருவி வாங்கி வைக்கிறார்கள். சிலர் நாளுக்கு மூன்று முறை இலைகளின்மேல் நீர் தெளிக்கிறார்கள். வேறு சிலர் தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பிய தட்டை வைத்து, அதில் நீர் தேக்குகிறார்கள்.

நம் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை. இவ்வூரில் ஈரத்தைச் செடியிடம் கொண்டுவர நாம் பணம் செலவிட வேண்டியதில்லை. செடியை ஈரம் இருக்கும் இடத்துக்கு நகர்த்தினால் போதும். இதில் மிச்சமாகும் பணம் சிறிது. தட்டில் தேங்கும் நீரால் நம் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் நேரக்கூடிய இழப்போ பெரிது.

குளிர்நாட்டில் பிறந்த அறிவுரை

வெப்பமண்டலச் செடிகளை வீட்டுக்குள் வளர்க்கும் கலை குளிர்நாடுகளில் வளர்ந்தது. லண்டன் மாநகரில் மருத்துவராக இருந்த நதானியேல் பாக்‌ஷா வார்டு என்பவர், 1829-ஆம் ஆண்டளவில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்திருந்தார். அம்மண்ணிலிருந்து சிறு பெரணிச் செடி தானே முளைத்தெழுந்தது. புகை மண்டிய லண்டன் காற்றில் வாழாத பெரணி, ஈரம் வெளியேறாத கண்ணாடிக்குள் வாழ்ந்தது. அதிலிருந்து அவர் உருவாக்கிய கண்ணாடிப் பேழை, கடல் கடந்து செடிகளை அனுப்பும் முறையையே மாற்றியது. சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் ராபர்ட் பார்ச்சூன் என்பவரால் இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவரப்பட்டதும் இத்தகைய பேழைகளில்தான்.

குளிர்நாட்டு வீட்டில் ஈரம் குறைவதற்குக் காரணம் எளிது. சுழியம் பாகை குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் எடுத்து 20 பாகைக்குச் சூடேற்றினால் அதன் கொள்ளளவு 17 கிராமாக உயர்கிறது. உள்ளே இருப்பதோ அதே 5 கிராம். அதாவது ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே செடியின் இலை நுனி கருகுவதில் வியப்பில்லை. சாளரத்தைத் திறந்தால் குளிர் கொன்றுவிடும். ஆகவே கூழாங்கல் தட்டு, நீர்த் தெளிப்பு, ஈரமூட்டும் கருவி ஆகியவை அங்கே நியாயமான வழிகள். அவற்றைச் சொன்னவர்கள்மீது குறை இல்லை. அவ்வறிவுரை நம் ஊர்க் காற்றை அளக்காமலேயே இங்கு வந்து சேர்ந்ததுதான் குறை.

நம் காற்றின் இருப்பு

இங்குள்ள கணக்கைப் பார்ப்போம். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் நாளில் அதில் 24 கிராம் நீர் இருக்கிறது. 12 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஓர் அறையில் அடங்கும் காற்று சுமார் 40 கன மீட்டர். அதாவது, சாளரம் திறந்திருக்கும் அச்சிறு அறையில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறத்தாழ ஒரு கிலோ நீர் மிதந்துகொண்டிருக்கிறது.

நாம் விரும்பி வளர்க்கும் செடிகளின் பூர்விகமும் இப்படிப்பட்ட காற்றுதான். மணி பிளான்ட் பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவைச் சேர்ந்தது. மான்ஸ்டெரா தென் மெக்சிகோ முதல் பனாமா வரை உள்ள காடுகளுக்குரியது. ஆந்தூரியத்தின் பிறப்பிடம் கொலம்பியாவும் எக்வடோரும். இவற்றுள் மணி பிளான்ட் கேரளத்து வீட்டு வளாகங்களில் மாமரத்தின்மேலும் தென்னையின்மேலும் தானே ஏறி, கைப்பிடி அளவு இலையை முறம் அளவுக்கு விரிப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். அதற்கு எவரும் நீர் தெளிப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பாலோட்டில், 1979-இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இம்மாவட்டத்தில் அமைந்ததற்கும் இம்மண்ணின் மழையும் ஈரமும் துணை என்று சொல்லலாம்.

அவ்வாறாயின், நம் வீட்டுச் செடியின் இலை ஏன் கருகுகிறது? பெரும்பாலும் குளிரூட்டியால். குளிரூட்டி காற்றைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை. அதிலுள்ள நீரையும் பிரித்தெடுக்கிறது. அறை 24 பாகைக்கு வந்து ஈரப்பதம் 50 சதவீதமானால், கன மீட்டருக்கு 11 கிராம் நீரே எஞ்சுகிறது. வெளிச்சுவரில் உள்ள குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிவது, செடி சுவாசித்திருக்க வேண்டிய அந்த ஈரமே. அதன் பிறகு ஈரமூட்டும் கருவியை அதே அறையில் ஓட்டுவது, ஒரு கணக்கிலிருந்து எடுத்த தொகையை மறு கணக்கில் வரவு வைத்து, இரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் செலுத்துவதை ஒக்கும். ஒரு கருவி நீக்குகிறது, மற்றொன்று ஊட்டுகிறது, மின்கட்டணம் மட்டும் இரண்டுக்கும் நம்முடையது. இலைமேல் தெளிக்கும் நீரோ சில நிமிடங்களில் ஆவியாகி, அதே குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது.

மழைக்காலத்தில் நிலைமை நேர்மாறானது. அப்போது குறைவதற்குப் பதிலாக மிகுகிறது ஈரம். 80 சதவீதத்தைத் தாண்டிய காற்று அசையாமல் நின்றால் இலையில் புள்ளி நோய் வரும். தொட்டி மண் உலராமல் வேர் அழுகும். அவ்வீரமண்ணில் சிறு ஈக்கள் பெருகும். மழை மாதங்களில் இறக்கும் வீட்டுச் செடிகளுள் பல தாகத்தால் இறப்பதில்லை. கால் நனைந்தே இறக்கின்றன.

வங்கி ஊழியர்கள் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வீட்டுப் பத்திரம், வைப்புத்தொகை ரசீது, காப்பீட்டு ஆவணம் ஆகியவை பெரும்பாலான வீடுகளில் படுக்கையறை அலமாரியில் இருக்கின்றன. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பற்றும். செடிக்காக அந்த அறையில் ஈரத்தை ஏற்றுவது ஆவணங்களுக்குக் கேடு. செடிக்கும் காகிதத்துக்கும் வேண்டிய காற்று வேறு வேறு. அவற்றை ஓர் அறையில் வைத்து இரண்டையும் நிறைவு செய்ய முயல்வதைக் காட்டிலும் இடத்தைப் பிரித்துவிடுவதே அறிவுடைமை.

தட்டில் தேங்கும் நீர்

இதுவரை சொன்னது பணத்தையும் செடியையும் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்லை. நிழலில் தேங்கிய தூய நீர் போதும். அதுவும் ஒரு மேசைக்கரண்டி அளவே போதும். முட்டையிலிருந்து கொசுவாக வளர அதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். நீர்விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் அது முட்டைகளை ஒட்டிவைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும்; மீண்டும் நீர் ஏறினால் பொரியும். கூழாங்கல் பரப்பிய ஈரத் தட்டைவிட அதற்கு உகந்த தொட்டில் வேறில்லை. நிழல் உண்டு, நீர் உண்டு, கற்களின் இடுக்கு மறைவும் உண்டு.

இது கற்பனை அச்சமன்று. 2001-ஆம் ஆண்டில் தென் சீனாவிலிருந்து கப்பலில் கலிபோர்னியாவுக்குச் சென்ற லக்கி பாம்பூ செடிகளோடு, அவை நின்ற நீரில் வளர்ந்த ஆசியப் புலிக் கொசுவும் கடல் கடந்து சென்று இறங்கியது. நம் மாவட்டத்தின் அனுபவமோ இன்னும் அண்மையது. 2017-இல் கேரளத்தில் டெங்கு பெருமளவில் பரவியபோது திருவனந்தபுரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2021 ஜூலையில் மாநிலத்தின் முதல் ஜிகா தொற்று கண்டறியப்பட்டதும் இம்மாவட்டத்திலேயே. கருவுற்ற பெண்ணுக்கு ஜிகா தொற்றினால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். அதையும் பரப்புவது இதே ஏடிஸ்தான்.

பழவங்காடிப் பகுதி மக்களுக்குத் தேங்கும் நீர் புதிய பகை அன்று. ஒரு மணி நேர மழைக்கே தம்பானூரும் கிழக்கே கோட்டையும் நீரில் மூழ்குவதை மாற்ற, 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் திட்டத்தின் கீழ் வடிகால்களிலிருந்த தடைகளும் ஆக்கிரமிப்புகளும் அகற்றப்பட்டன. சாலையில் தேங்கும் நீருக்கு அரசைக் கேட்கிறோம். கேட்பது நம் உரிமை. ஆனால் ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு அப்பால் செல்வதில்லை. நம்மைக் கடித்த கொசு நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. நெருக்கமாகக் கடைகளும் வீடுகளும் அமைந்த தெருவில் ஒருவர் வீட்டுப் பூந்தொட்டித் தட்டு, தெரு முழுவதற்கும் பொதுவான இடர்ப்பாடாகிறது.

இந்த இடர்ப்பாட்டின் விலையை வங்கியின் முகப்பில் அமர்ந்திருப்போர் நன்கு அறிவர். தவணை தவறிய சிறு கடன்களின் காரணத்தைக் கேட்கும்போது, நோயும் அதனால் முடங்கிய நாட்களும் அடிக்கடி வரும் விடை. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு இரண்டு வாரக் காய்ச்சல் விடுப்புக் கணக்கில் அடங்கிவிடும். தோவாளையிலிருந்து விடியலில் பூ வாங்கிவந்து விற்பவருக்கோ, தள்ளுவண்டியில் பழம் விற்பவருக்கோ அது இரண்டு வார வருமானம் முழுவதையும் துடைத்துவிடும். நம் வரவேற்பறையின் அழகுக்காக வைத்த தட்டு நீரின் விலையை, அச்செடியைக் கண்ணாலும் காணாத ஒருவர் செலுத்த நேரலாம்.

மறுப்புகளும் விடைகளும்

'குளிரூட்டி இன்றி இருக்க இயலாது. செடியும் வேண்டும்' என்பார் உண்டு. அவர்களுக்கு வழி இருக்கிறது. பாம்புக் கற்றாழை எனப்படும் சான்செவீரியா, சாமியோகல்காஸ், அக்லோனிமா போன்றவை உலர்ந்த காற்றையும் பொறுப்பவை. அவற்றைக் குளிரூட்டிய அறையில் வைக்கலாம். குளிர்காற்று நேராகப் படாத இடமாக இருந்தால் போதும். கலாத்தியா, பெரணி, பிட்டோனியா ஆகியவை ஈரத்தைப் பெரிதும் விரும்புபவை. இவற்றின் இடம் பால்கனி, திண்ணை, வெளிச்சம் விழும் குளியலறைச் சாளரம். இடமே இல்லாத அடுக்ககத்தில் இரண்டு தொகுதிச் செடிகளை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் உள்ளே, இரண்டு வாரம் வெளியே என்று மாற்றி வைக்கலாம். வெளியே வைப்பதால் செடிக்கு ஈரத்தோடு ஒளியும் கிடைக்கிறது. ஈரக்குறைவு என்று நாம் எண்ணும் வாட்டம் பல வேளைகளில் ஒளிக்குறைவே.

'எல்லா ஊரும் திருவனந்தபுரம் ஆகுமா?' என்பது இன்னொரு கேள்வி. ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் மதுரையிலும் திருச்சியிலும், குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் டெல்லி வீடுகளிலும் காற்று உண்மையாகவே உலர்ந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தை, மாசியில் வீசும் காற்றும் அத்தகையது. அங்கெல்லாம் செடிகளை நெருக்கமாகச் சேர்த்து வைப்பதும், மண்தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டுவதும், சிறு செடிகளை வார்டு காட்டிய வழியில் கண்ணாடிக்குள் வளர்ப்பதும் தகும். முதலில் அளந்து பார்ப்பதே முறை. சில நூறு ரூபாயில் ஈரப்பதமானி கிடைக்கிறது. அதில் 50 முதல் 70 சதவீதம் காட்டினால் பெரும்பாலான செடிகளுக்கு அது போதும். இருப்பைப் பார்க்காமல் கடன் வாங்குவது எப்படித் தவறோ, ஈரத்தை அளக்காமல் ஈரமூட்டுவதும் அப்படியே.

நம் முன்னோர் வீட்டின் காற்றை இந்த அளவுகோல் இன்றியே நெறிப்படுத்தினர். பழவங்காடியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பத்மநாபசுவாமி கோயிலின் அருகே, சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை நிற்கிறது. மரச்சட்டங்களின் இடைவெளியே அங்கு சாளரம். மழை உள்ளே வராது, காற்று மட்டும் வரும். கோட்டைக்குள் உள்ள அக்கிரகார வீடுகளின் முற்றமும் அதே நோக்கம் கொண்டது. பின்னாளில் இந்நகரையே தம் ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிச் சுவரையே சாளரமாக்கினார். ஈரமான ஊரில் காற்றை நிற்கவிடலாகாது என்பதே இம்மூன்றும் தரும் பாடம். அது மனிதருக்கும் செடிக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறது.

செய்ய வேண்டியவை

கூழாங்கல் தட்டை அகற்றிவிடலாம். தொட்டியின் கீழ்த்தட்டு தேவையெனில், நீர் ஊற்றிய அரை மணி நேரத்தில் வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். நீரில் வளரும் மணி பிளான்ட்டையும் லக்கி பாம்பூவையும் மண்ணுக்கு மாற்றுவது நன்று. மாற்ற மனமில்லாதவர்கள் வாரம் ஒருமுறை நீரை மாற்றுவதோடு, குடுவையின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்காமல் நீரை மட்டும் மாற்றினால் முட்டைகள் அங்கேயே இருக்கும். குடுவையின் வாயைப் பஞ்சால் அடைத்துவைப்பதும் நல்லது. மழை மாதங்களில் நாள் பார்த்து நீர் ஊற்றலாகாது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் செருகி, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சுடுமண் தொட்டி சிறந்தது. அதன் சுவர் வழியே ஈரம் வெளியேறும்.

கேரள சுகாதாரத் துறை பள்ளிகளுக்கு வெள்ளியும், அலுவலகங்களுக்குச் சனியும், வீடுகளுக்கு ஞாயிறும் உலர்நாளாகக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. தேங்கிய நீரையெல்லாம் கொட்டிவிடும் நாள் அது. வங்கிகளுக்கு இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு: இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் நாங்கள் திறப்பதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை கதவைப் பூட்டுவதற்குமுன், பெட்டகச் சாவியைச் சரிபார்ப்பதுபோல் பூந்தொட்டித் தட்டுகளையும் குளிரூட்டியின் நீர் வடியும் வாளியையும் சரிபார்ப்பதை ஒவ்வொரு கிளையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. மூன்று நாள் தொடர் விடுமுறை வரும் வாரங்களில் இது இன்னும் தேவை. கடைகளும் அலுவலகங்களும் இதையே செய்யலாம்.

வாடிக்கையாளப் பெருமக்களுக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. வரும் ஞாயிறு காலை வீட்டிலுள்ள செடிகளை ஒருமுறை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பாருங்கள். நீர் இருந்தால் கொட்டிவிட்டு, தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். வாடிய செடி இருந்தால் கருவி வாங்கப் புறப்படுமுன் அதைச் சாளரத்துக்கு வெளியே வைத்துப் பத்து நாள் பாருங்கள்.